கூப்பிடாத பேர்களின் எடை

ஏற்காட்டின் நாகலூர் சாலையில் மிளகு மண்டி நடந்துவந்த வீட்டில், பிறந்த ஏழாம் நாள் பெயர் சூட்டப்பட்ட ஆண் குழந்தை, காலையில் மூன்று கிலோவும் மதியத் தொழுகைக்கு முன்னால் நூற்று ஐம்பத்திரண்டு கிலோவும் இருந்தது. தொட்டில் கட்டியிருந்த சேலை நடுவே கிழிந்து, குழந்தை ஒரு சாண் உயரத்திலிருந்து மெத்தைமேல் இறங்கியது. மெத்தைக்குக் கீழே தரை ஓடு இரண்டாக விரிந்தது. குழந்தை அழவில்லை, தூக்கம்கூடக் கலையவில்லை. ஓடிவந்த அம்மா சபூரா குழந்தையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். மூட்டை தூக்குகிறவர்கள் தினமும் வந்துபோகிற வீடு என்பதால் எது தூக்க முடிந்த சுமை, எது முடியாத சுமை என்று அவளுக்குத் தெரியும். வாசலில் பிரியாணிக்குக் காத்திருந்த சுமைக்காரன் கோவிந்தராஜும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் உள்ளே வந்து, கோணிப்பையைத் தூளிபோலப் பிடித்துக் குழந்தையைத் தூக்கி, மிளகு நிறுக்கும் பெரிய தராசில் வைத்தார்கள். முள் நூற்று ஐம்பத்திரண்டில் நின்றது. தராசு பழுதோ என்று கோவிந்தராஜ் தானே ஏறி நின்று பார்த்தான். அவன் எப்போதும் இருக்கும் அறுபத்து நான்கைத்தான் அது காட்டியது.

சபூராவுக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. மண்டியின் மரக்கதவில் சாக்பீஸால் எழுதிய இரண்டு எண்கள் அழியாமல் இருந்தன. அந்த வீட்டின் அண்ணனும் தம்பியும் வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும் முன் விளையாட்டாகத் தராசில் ஏறி எடையைக் கதவில் எழுதுவார்கள். கடைசி வெள்ளியில் அண்ணன் எண்பத்தெட்டு, தம்பி அறுபத்தொன்று. அதற்கு அடுத்த செவ்வாய், மாரமங்கலத்தில் வாங்கிய மிளகோடு சேலத்துக்கு இறங்கிய ஜீப் பதினோராம் கொண்டை ஊசி வளைவில் திரும்பவில்லை. நேராகப் போய்விட்டது. இருவரையும் ஒரே நாளில் அடக்கம் செய்தார்கள். அப்போது தம்பி மனைவி சபூராவுக்கு ஆறு மாதம். அண்ணன் மனைவி மைமூனுக்குப் பதினான்கு வருடமாகக் குழந்தை இல்லை. ஓரகத்திகள் இருவரும் ஒரே அறையில் கைம்பெண்களுக்கான இத்தா இருந்தார்கள். அழுது முடித்தவர்களுக்குள் வரும் ஒரு நெருக்கம் அவர்களுக்குள் வந்திருந்தது. அது குழந்தை பிறந்த ஏழாம் நாள்வரை இருந்தது.

அண்ணன் பெயர் ஹம்ஸா. தம்பி பெயர் யஹ்யா. இந்தப் பெயர்களை ஊரே சொல்லும். அந்த இரண்டு பெண்கள் மட்டும் சொன்னதில்லை. புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று வளர்ந்தவர்கள். மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லையென்று பள்ளிவாசல் ஹஜ்ரத் பலமுறை சொல்லியிருக்கிறார், யார் கேட்டார்கள். ரேஷன் கடையிலும் பேங்கிலும் “ஊட்டுக்காரர் பேரு?” என்று கேட்டால் சபூரா ஆதார் அட்டையை நீட்டுவாள். வீட்டில் அவனை “ஏனுங்க” என்றுதான் கூப்பிடுவாள். மைமூனுக்கும் “ஏனுங்க”தான். ஒருத்தி அடுப்படியிலிருந்து “ஏனுங்க” என்றால் அண்ணன் தம்பி இருவருமே எழுந்து வருவார்கள். தனக்கில்லை என்று தெரிந்ததும் ஒருவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்வார். இப்படி எட்டு வருடம் நடந்தது.

ஏழாம் நாளன்று மைமூன் தனியாக ஹஜ்ரத்தைப் பார்த்து, குழந்தைக்குத் தன் கணவர் பெயரை வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். பெயரைச் சொல்லாமல், அவர் புகைப்படத்தைக் காட்டிக் கேட்டாள். சிறிது நேரம் கழித்து சபூரா அறைக்குள்ளிருந்து ஆள் அனுப்பி, குழந்தைக்கு அவனைப் பெற்ற அத்தா பெயர் என்று சொல்லச் சொன்னாள். ஹஜ்ரத் முனவ்வர் நல்ல மனிதர், யார் முகமும் வாடக் கூடாது என்று நினைக்கிறவர். அந்தக் குணத்தால் வந்த வினைதான் இது. குழந்தையின் வலது காதில் தொழுகை அழைப்பான பாங்கும் இடது காதில் இகாமத்தும் சொல்லி முடித்து, “ஹம்ஸா யஹ்யா” என்று மூன்று முறை ஓதினார். பிறகு வழக்கப்படி குழந்தையின் தலைமுடியை மழித்தார்கள். அந்த முடியின் எடைக்கு வெள்ளி தர்மம் கொடுக்க வேண்டும். நகைக்கடையிலிருந்து இரவல் வாங்கிவந்த சின்னத் தராசில் முடியை வைத்ததும் தட்டு தடாலென்று அடியில் போய் இடித்து, அச்சு முறிந்தது. முடியை ஒரு வெள்ளைத் துணியில் கட்டி அலமாரியில் வைத்தார்கள். அலமாரியை மூடும்போதுதான் தொட்டில் கிழிந்த சத்தம் கேட்டது.

குழந்தைக்கு வேறு குறை எதுவும் இல்லை. பால் குடித்தான், சிரித்தான், மழைக் குருவியின் சத்தத்துக்குக் கண்ணைத் திருப்பினான். சபூரா தரையில் ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுப்பாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிற பெண்களைப் பார்த்தால் அவளுக்கு அந்த இடுப்பு வலிக்கும். தடுப்பூசி நாளில் நான்கு சுமைக்காரர்கள், பக்கத்து வீட்டுத் தச்சர் தேவசிகாமணி செய்துகொடுத்த பலகையில் அவனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப்போவார்கள். அதற்கு அவர்கள் டீயைத் தவிர எதுவும் வாங்கியதில்லை. நர்ஸ் ஷெர்லின் தன் செல்போனில் எடையைப் பதியப் பார்த்தாள். குழந்தைக்கு மூன்று இலக்கத்தில் எடை போட அதில் இடமில்லை. அவள் நாலரை என்று போட்டுவிட்டு, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆஸ்பத்திரி வழக்கப்படி ‘சபூரா குழந்தை’ என்று எழுதினாள். சுமைக்காரர்கள் செத்துப்போன முதலாளிகளின் பெயரைப் பச்சைப் பிள்ளைமேல் சொல்லக் கூசி, “சின்னவரு” என்றார்கள். தெரு அவனைத் தம்பி என்றது. சபூராவுக்குக் கண்ணு, மைமூனுக்கு சாமி. வெள்ளிக்கு வெள்ளி மூன்று கிலோ கூடியது.

மிளகு கொண்டுவரும் செம்மநத்தம் ஆராயி இதைப் பார்த்துவிட்டு, இதற்கெல்லாம் பயப்படக் கூடாது என்றாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள் தங்காமல் போய், நான்காவதைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்று பெயர் வைத்த பிறகுதான் நிலைத்தது. “நொம்ப நல்ல பேரா வச்சுப்புட்டீங்க, கண்ணு. குப்பான்னு கூப்பிட்டுப் பாருங்க,” என்றாள். கூப்பிட்டுப் பார்த்தார்கள். அன்று மட்டும் கூடுதலாக அரைக் கிலோ ஏறியது. ஆராயி தன் பங்குக்கு வருத்தப்பட்டு, இரண்டு சீப்பு மலைவாழை கொடுத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் மாதம் ஹஜ்ரத் ஒரு வழி சொன்னார். பெயரை மாற்றலாம், மார்க்கத்தில் தடையில்லை, இரண்டில் ஒன்றை எடுத்துவிடுவோம் என்றார். எதை என்பதை அவர் சொல்லவில்லை. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.

“உனக்கு உன் ஊட்டுக்காரரு புள்ளை இருக்குது. எனக்குன்னு மிச்சம் இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் புடுங்கிக்குவியா?” என்றாள் மைமூன்.

“புள்ளையைத் தூக்கக் கையில வலு இல்லாதவ நானுக்கா. பெத்தவ நானு. அவங்க அத்தா பேரை எடுத்துட்டு உங்க ஊட்டுக்காரரு பேரைச் சுமக்கணுமா அவன்?”

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அடுப்பில் சமைத்தார்கள், ஒரே சட்டியில் எடுத்துச் சாப்பிட்டார்கள், பதினோரு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. சபூரா என்றால் பொறுமை உள்ளவள் என்றும் மைமூன் என்றால் பரக்கத் என்னும் அருள் உள்ளவள் என்றும் ஹஜ்ரத் தன் நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த வருடம் அந்த வீட்டில் இரண்டையும் யாரும் பார்க்கவில்லை. தராசின் முள் முன்னூறில் முட்டி நின்ற வாரம், நிறுப்பதை நிறுத்திவிட்டார்கள். சுமைக்காரர்கள் நான்கு பேர் எட்டுப் பேரானார்கள்.

பிள்ளை தவழ வேண்டிய மாதத்தில் தவழவில்லை. கையை ஊன்றிப் பார்ப்பான், கை மண்ணில் இறங்கும். தரை ஓடுகள் நொறுங்கிப்போய், கீழிருந்த செம்மண் அவன் உடம்பின் அளவுக்குத் தாழ்ந்துகொண்டே வந்தது. மாதம் இரண்டு விரற்கடை. பக்கவாட்டில் மண் சரியாமல் இருக்க தேவசிகாமணி பலகை அடித்தார். அடித்து முடித்து எழுந்து பார்த்தவர், தான் செய்த வேலை எதைப்போல இருக்கிறது என்று கண்டுகொண்டு, சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியே போய் வெகுநேரம் நின்றார். சபூராவுக்கும் அது தெரிந்தது. இப்படியே விட்டால் தன் பிள்ளை உயிரோடு மண்ணுக்குள் போய்விடுவான். மாதம் இரண்டு விரற்கடை என்றால் எத்தனை மாதம் என்று அவளே விரலை மடக்கிப் பார்த்தாள்.

பள்ளிவாசலில் இருக்கும் பெயர் நோட்டை எடுத்துக்கொண்டு ஹஜ்ரத் மறுபடி வந்தது அப்போதுதான். பிள்ளையின் பெயரில் தவறு ஏதும் இருக்கிறதா என்று இரவல் புத்தகமெல்லாம் வாங்கிப் பார்த்திருந்தார். தவறு இல்லை. “ஹம்ஸான்னா சிங்கம். இஸ்லாம் வர்றதுக்கு முந்தியே அரபு நாட்டுல புழங்குன பேரு. நபியோட அத்தாகூடப் பொறந்தவருக்கு இருந்த பேரு,” என்றார். அட்டைப்பூச்சிக்குப் பயந்து மழைக்காலத்தில் தோட்டத்துப் பக்கமே போகாத ஹம்ஸாவை நினைத்து, திரைக்குப் பின்னால் மைமூன் அந்த வருடத்தில் முதல்முறையாக லேசாகச் சிரித்தாள். “யஹ்யான்னா, உயிரோட இருக்கறான்னு அர்த்தம். ஜகரிய்யா நபிக்கு வயசான காலத்துல பொறந்த புள்ளைக்கு அல்லாவே வச்ச பேரு. அதுக்கு முந்தி அந்தப் பேர்ல ஒருத்தரும் இல்லைன்னு குர்ஆன்ல இருக்குது.” இதைக் கேட்டுக்கொண்டிருந்த தேவசிகாமணி, “சகரியா மகன்னா அது எங்க யோவானுங்க,” என்றார். “எங்க வேதத்துல அந்த அப்பாவுக்கு வாய் கட்டிப்போச்சுங்க. புள்ளைக்கு இதான் பேருன்னு பலகையில எழுதிக் காட்டுனப்பறந்தான் நாக்கு அவுந்துச்சு.”

ஹஜ்ரத் நோட்டை மூடினார். பிறகு சபூராவிடம், பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். கண்ணு என்றாள். மைமூனைக் கேட்டார். சாமி என்று திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லையா என்றார். “பேரு கூப்பிடறதுக்குத்தானுங்க வைக்கறது. கூப்பிடாம வச்சிருந்தா அது எங்கதான் போகும்?” என்றார். உடனே கோவிந்தராஜும் தேவசிகாமணியும் தெருவில் பாதிப் பேரும் வரிசையாக வந்து குழியருகே குனிந்து ஹம்ஸா யஹ்யா என்று கூப்பிட்டார்கள். பிள்ளை ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்தான். எட்டுப் பேரின் பாரம் எட்டுப் பேரின் பாரமாகவே இருந்தது. யார் வாயில் பூட்டியிருக்கிறதோ அவர்கள்தான் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஹஜ்ரத் எழுந்து போனார்.

சபூரா முயற்சி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பிள்ளை தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறப்பாள். முதல் எழுத்துக்கு மேல் நாக்கு நகராது. ஆயுள் குறையும் என்ற பயம் இல்லை, குறைய இனி என்ன இருக்கிறது. உண்மை வேறு. கணவன் பெயரைச் சொல்லாமல் இருப்பது ஒன்றுதான், இன்னமும் அவள் மனைவி என்பதற்கு மிஞ்சியிருந்த அடையாளம். உயிரோடு இருக்கிறவன் பெயரைத்தான் பெண்டாட்டி சொல்ல மாட்டாள். இவள் சொன்னால் அவன் செத்துப்போனான் என்று இவளே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ஜனாஸாவைத் தூக்கிப்போன நாளில்கூட அவள் அதை ஒப்புக்கொண்டிருக்கவில்லை. மைமூனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கேட்டுக்கொள்ளத்தான் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. நான்கு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் காலை சில்வர் ஓக் மரங்கள் சாலையில் விழுந்து நாகலூர் பஸ் நின்றது. மரங்களுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட கோவிந்தராஜும் ஆட்களும் வர வழியில்லை. தேவசிகாமணி மகளைப் பார்க்கச் சேலம் போயிருந்தார். காலைப் பத்து மணி இருக்கும், குழிக்குள் ஊற்றெடுத்தது. செம்மண் தண்ணீர் பிள்ளையின் முதுகை நனைத்து, காதுக்கு ஏறியது. பதினான்கு மாதப் பிள்ளை, தலையைத் தூக்கத் தெரியும், தூக்க முடியவில்லை. சபூரா குழிக்குள் குதித்து ஒரு கையால் அவன் தலையைத் தாங்கி மறுகையால் சொம்பில் மொண்டு வெளியே ஊற்றினாள். மொள்ளுவதைவிட வேகமாக ஊறியது. தண்ணீர் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டது. சொம்பை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தாள். நகரவில்லை.

“ஏனுங்க!” என்று கத்தினாள். எட்டு வருடப் பழக்கம், ஆபத்து என்றதும் அதுதான் வந்தது. “ஏனுங்க! ஏனுங்க!” அடுப்படியிலிருந்தும் மண்டியிலிருந்தும் யாரும் எழுந்து வரவில்லை. ஓட்டின்மேல் மழை பெய்யும் சத்தம் மட்டும் கேட்டது. வர மாட்டான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பதினேழு மாதம் கழித்து, கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, அவள் தன் கணவன் செத்துப்போனதை அறிந்தாள். நெஞ்சு வெடிப்பதுபோல அழுகை வந்தது. அந்த அழுகையோடு, தன்னை அறியாமல், பிள்ளையின் முகத்தைப் பார்த்து, “யஹ்யா” என்றாள். பிறகு உரக்க, “யஹ்யா! யஹ்யா!”

பிள்ளை திரும்பிப் பார்த்தான். கையை உயர்த்தி அவள் கழுத்தைப் பிடித்தான். இடுப்புவரை தண்ணீரிலிருந்து மேலே வந்தான். அதற்கு மேல் வரவில்லை. பாதிப் பாரம் இன்னும் மண்ணிலேயே இருந்தது.

சபூரா நிமிர்ந்தாள். கதவருகே மைமூன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“அக்கா, எனக்குப் பாதிதான் வருது,” என்றாள் சபூரா. “மீதி உங்க கையிலதானுக்கா இருக்குது.”

மைமூன் குழிக்குள் இறங்கினாள். சறுக்கி விழுந்து, எழுந்து, பிள்ளையின் கால் பக்கம் மண்டியிட்டாள். முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். முதலில் காற்று மட்டும்தான் வந்தது. ஹஜ்ரத் ஓதியதுபோலக் குனிந்து பிள்ளையின் காதில் ஒரு முறை சொன்னாள், சபூராவுக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை கேட்டது. மூன்றாம் முறை, பதினான்கு வருடக் குடித்தனத்தில் ஒரு தடவைகூட அவரைக் கூப்பிட்டிராத அந்தப் பெயரை, அந்த மழையிலும் மூன்று வீடு தள்ளிக் கேட்கும்படி கூப்பிட்டாள். ஹம்ஸா. பிள்ளை மொத்தமாக மேலே வந்தான். வேகமாக இழுத்துக்கொண்டிருந்த சபூரா பின்பக்கமாகச் சாய்ந்து விழப்போனாள், மைமூன் பிடித்துக்கொண்டாள். பிள்ளையை இடுப்பில் வைத்தபோது, அவன் எவ்வளவு கொஞ்சமாக இருக்கிறான் என்று சபூரா திடுக்கிட்டாள். அவன் பசிக்கு அழ ஆரம்பித்தான்.

மறுநாள் மழை விட்டதும் தராசில் வைத்தார்கள். எட்டு கிலோ நானூறு. ஷெர்லின் வந்து, வயதுக்குக் கொஞ்சம் குறைவு, முட்டை கொடுங்கள் என்றாள். குழியைக் கோவிந்தராஜின் ஆட்கள் மண் போட்டு மூடி சிமெண்ட் பூசினார்கள். அலமாரியில் இருந்த முடியை எடுத்து நிறுத்தார்கள். அது முடியின் எடைதான் இருந்தது. அதற்குச் சரியான வெள்ளியை அன்றே தர்மம் செய்தார்கள். மைமூனும் சபூராவும் அன்று மாலை முழுவதும் பேசினார்கள். பதினோரு மாதப் பேச்சு பாக்கி இருந்தது. பேச்சின் நடுவே, இருவரும் தங்கள் புருஷன்மாரை முதல்முறையாகப் பெயர் சொல்லிப் பேசினார்கள். ஹம்ஸாவுக்கு அட்டை என்றால் எவ்வளவு பயம், யஹ்யா தூக்கத்தில் மிளகு விலை சொல்வான். உயிரோடு இருக்கிறான் என்று பொருள்படும் பெயரைச் செத்துப்போனவனுக்குச் சொல்வது சபூராவுக்குக் கஷ்டமாக இருந்தது. சொல்லச் சொல்ல, அது அவ்வளவு பொய்யாகத் தெரியவில்லை.

ஹம்ஸா யஹ்யாவுக்கு இப்போது ஆறு வயது முடிந்துவிட்டது. ஏற்காட்டில் பள்ளிக்கூடம் போகிறான். வருகைப் பதிவேட்டில் டீச்சர் இரண்டு பெயரையும் சேர்த்துப் படிப்பார், இவன் உள்ளேன் என்பான். வீட்டில் மைமூனுக்கு ஹம்ஸா, சபூராவுக்கு யஹ்யா. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் யாருக்கு என்று கேட்காமல் ஓடிவருவான். முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. என்றாவது ஓரகத்திகள் சண்டை போட்டுக்கொண்டோ, பழைய நினைப்பு வந்து வாயடைத்தோ ஒரு நாள் முழுவதும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இருந்துவிட்டால், சாயங்காலம் அவன் செருப்பு மண்ணில் பதிய ஆரம்பிக்கும். தெருவில் இருப்பவர்கள் தடத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். “ஏனுங்க, பையனைக் கூப்பிடாம இருக்கறீங்களாட்ட இருக்குது,” என்று வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள். உள்ளேயிருந்து ஒருத்தி கூப்பிடுவாள், பின்னாலேயே இன்னொருத்தி. வெள்ளிக்கிழமை தோறும் அவன் தராசில் ஏறி நிற்கிறான். மரக்கதவில் எண்பத்தெட்டுக்கும் அறுபத்தொன்றுக்கும் கீழே, சென்ற வாரம் பத்தொன்பது என்று எழுதினார்கள்.